காரின் பின்புறத்தில் புதிய சத்தமா? இரட்டை சைலன்சரில் கோளாறைக் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: காரை இயக்கியதும் வழக்கத்துக்கு மாறாக எழும் உறுமல், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடிப்பகுதியில் ஏதோ இடிபடும் ஒலி, காலையில் மட்டும் கேட்டுச் சற்று நேரத்தில் மறைந்துவிடும் ‘டிக் டிக்’ சத்தம். காரின் புகைக்குழாய் அமைப்பில் கோளாறு ஏற்பட்டிருப்பதை முதலில் உணர்த்துபவை பெரும்பாலும் இத்தகைய ஒலிகளே. ஆனால், பின்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு சைலன்சர்கள் பொருத்தப்பட்ட கார்களில் சத்தம் கேட்கும் பக்கத்தில்தான் பழுது இருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. சத்தமாக ஒலிக்கும் சைலன்சர் நல்ல நிலையில் இருக்க, அமைதியாக இருக்கும் மற்றொன்று அடைபட்டிருக்கவும் கூடும்.

எனவே, விலை உயர்ந்த சைலன்சரை மாற்றுவதற்கு முன்பு, சத்தம் எங்கிருந்து, எப்போது, எவ்வாறு வருகிறது என்பதைக் கண்டறிவது அவசியம். இதனால் வீண் செலவு தவிர்க்கப்படும். அதைவிட முக்கியமாக, நச்சு வாயு காருக்குள் புகும் அபாயத்தையும் முன்கூட்டியே தடுக்க முடியும். இது குறித்து விரிவாகக் காணலாம்.

சைலன்சரின் பணி என்ன?

இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரிந்து முடிந்ததும், அழுத்தம் மிகுந்த வாயு விசையுடன் வெளியேறுகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, விநாடிக்கு 100 முறை இத்தகைய வாயுத் துடிப்புகள் குழாய்க்குள் பாய்கின்றன. அவற்றை அப்படியே வெளியே விட்டால் காதைப் பிளக்கும் ஓசை எழும்.

இந்த வாயு முதலில் இன்ஜினோடு இணைந்துள்ள மேனிஃபோல்டு எனப்படும் கிளைக்குழாய்க்கு வருகிறது. பிறகு நச்சுப் பொருள்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதிர்வைத் தாங்கும் நெகிழ்குழாய், நடுப்பகுதியில் உள்ள ரெசனேட்டர் ஆகியவற்றைக் கடந்து, இறுதியாகச் சைலன்சரை அடைகிறது. சைலன்சருக்குள் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகளும் துளையிட்ட குழாய்களும் உள்ளன. சிலவற்றில் ஒலியை உறிஞ்சும் கண்ணாடி இழையும் நிரப்பப்பட்டிருக்கும். ஒலி அலைகள் இந்த அறைகளில் மோதித் திரும்பி, ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்கின்றன. இந்தப் பாதையில் எந்த இடத்தில் துளை, விரிசல் அல்லது தளர்வு ஏற்பட்டாலும், அந்த இடத்துக்கே உரிய ஒலி வெளிப்படும்.

இரட்டை அமைப்பில் இரு வகைகள்

இரண்டு சைலன்சர் கொண்ட கார்கள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சோதனையைத் தொடங்கும் முன், நமது கார் எந்த வகை என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகையில், இன்ஜினிலிருந்து வரும் ஒரே குழாய் காரின் பின்பகுதியில் இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் உள்ள சைலன்சர்களுக்குச் செல்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் கொண்ட கார்களில் இரட்டை சைலன்சர் இருந்தால், அது பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். இதில் இரு சைலன்சர்களும் ஒரே வாயுவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று அடைபட்டால் முழு வாயுவும் மற்றொன்றின் வழியாகப் பாயும். அப்போது நல்ல நிலையில் உள்ள சைலன்சரே அதிகச் சத்தம் எழுப்பும்.

இரண்டாவது வகை, ‘வி’ வடிவில் அமைந்த ஆறு அல்லது எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் காணப்படுவது. சிலிண்டர்களின் இரு வரிசைகளுக்கும் தனித்தனிக் குழாய்கள் இருக்கும். இரு குழாய்களையும் நடுவில் ஓர் இணைப்புக் குழாய் சேர்ப்பதும் உண்டு. இந்த வகையில் ஒரு பக்கச் சத்தம் மட்டும் மாறினால், அந்தப் பக்கத்துக் குழாயை மட்டுமன்றி, அந்த வரிசையில் உள்ள சிலிண்டர் ஒன்று சரியாக எரியாமல் இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

இவை தவிர, தோற்றத்துக்காக மட்டும் பம்பரில் இரு முனைகள் பொருத்தப்பட்ட கார்களும் உள்ளன. குனிந்து பார்த்தால், அந்த முனைகளுக்குப் பின்னால் ஒரே ஒரு சைலன்சர் மட்டுமே இருப்பது தெரியும். அத்தகைய கார்களில் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

எந்தச் சத்தம் எதைக் காட்டுகிறது?

காலையில் இன்ஜினை இயக்கியதும் முன்பகுதியில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சில நிமிடங்களில் குறைந்துவிட்டால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு, மேனிஃபோல்டில் மெல்லிய விரிசல், அல்லது அதைப் பிடித்திருக்கும் போல்ட் உடைந்திருத்தல் ஆகியவை காரணமாக இருக்கலாம். உலோகம் சூடேறி விரிவடையும்போது இடைவெளி தற்காலிகமாக மூடிக்கொள்வதால் சத்தம் மறைகிறது. சத்தம் நின்றுவிட்டதால் பழுது நீங்கிவிட்டது என்று கருதக்கூடாது.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘புஸ் புஸ்’ எனக் காற்று வெளியேறும் ஒலி, குழாய்களின் இணைப்புகளிலோ நெகிழ்குழாயிலோ கசிவு இருப்பதைக் காட்டுகிறது. பின்புறத்திலிருந்து எழும் ஆழ்ந்த உறுமல், சைலன்சர் துருப்பிடித்துத் துளை விழுந்திருப்பதற்கான அறிகுறியாகும்.

தகரம் அதிர்வதுபோன்ற ‘கடகட’ ஒலி, குழாயின் வெப்பம் பிற பாகங்களைத் தாக்காமல் தடுக்கும் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருந்தால் உண்டாகும். இது எளிதில் சரிசெய்யக்கூடிய பழுது. ஆனால், சைலன்சருக்குள்ளேயே ஏதோ உருளும் ஒலி கேட்டால், உள் தடுப்பு உடைந்திருக்கலாம். நடுப்பகுதியிலிருந்து சரளைக்கல் குலுங்குவதுபோல் கேட்டால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உள்ளே உள்ள தேன்கூடு போன்ற பீங்கான் பகுதி நொறுங்கியிருக்கலாம். அந்தத் துண்டுகள் நகர்ந்து சென்று சைலன்சரை அடைப்பதும் உண்டு.

பள்ளங்களிலும் வேகத்தடைகளிலும் மட்டும் ‘டம்’ என்ற ஒலி எழுந்தால், சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் பிடிமானம் அறுந்திருக்க வாய்ப்புள்ளது. இரட்டை அமைப்பில் ஒரு பக்கப் பிடிமானம் அறுந்தாலும், அதன் எடை முழுவதும் பிரிவுக் குழாயின் இணைப்பில் இறங்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் அந்த இணைப்பே விரிசல் காணும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது முன்பு இல்லாத ‘பட் பட்’ வெடிப்பொலி புதிதாகக் கேட்டால், கசிவின் வழியே வெளிக்காற்று உட்புகுந்து, எரியாத எரிபொருள் குழாய்க்குள் எரிவது காரணமாக இருக்கலாம்.

இன்ஜினை இயக்கியதும் திடீரென மிகப் பெரும் சத்தம் எழுந்தால், குனிந்து அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதைக் குறிவைத்துத் திருட்டுகள் நடைபெறுகின்றன. குஜராத், மகாராஷ்டிரா உள்ளிட்ட மாநிலங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்களைத் திருடிய கும்பல்களைக் காவல் துறையினர் கைது செய்துள்ளனர்.

இரு பக்கங்களையும் ஒப்பிடும் முறை

ஒற்றைச் சைலன்சர் கொண்ட காரில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இரட்டை சைலன்சரில் ஒரு பக்கமே மற்றொரு பக்கத்துக்கு அளவுகோலாக அமைகிறது. இதைப் பயன்படுத்திக்கொண்டால் பழுது உள்ள இடத்தைப் பெருமளவு நெருங்கிவிடலாம்.

சோதனையைத் திறந்தவெளியில், இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்த நிலையில் தொடங்க வேண்டும். மூடிய கேரேஜிலோ அடித்தள வாகன நிறுத்தத்திலோ செய்யக்கூடாது. கியரை நியூட்ரலிலும், ஆட்டோமேட்டிக் கார் எனில் பார்க்கிங் நிலையிலும் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர, மற்றொருவர் பின்புறம் ஒரு பக்கமாக நின்று கவனிக்க வேண்டும். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்தி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்தானது.

முதலில், இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு மெல்லிய காகிதத்தை ஒவ்வொரு குழாய் முனைக்கும் சற்றுப் பின்னால் பிடிக்க வேண்டும். இரு புறமும் காகிதம் ஏறக்குறைய ஒரே அளவில் படபடக்கிறதா எனப் பார்க்க வேண்டும். ஒரு புறம் காற்றோட்டம் மிகவும் குறைவாக இருந்தால், அந்தப் பக்கம் அடைப்போ, அதற்கு முன்பாகக் கசிவோ இருக்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில கார்களில் ஒரு பக்கக் குழாயில் வால்வு பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது மூடியிருந்து, வேகம் கூடும்போது திறக்கும். அத்தகைய கார்களில் தொடக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் வாயு வருவது இயல்பே. வால்வு உள்ளதா என்பதை உரிமையாளர் கையேட்டில் அறியலாம். வேகத்தைக் கூட்டிய பிறகும் அந்தப் பக்கம் வாயு வரவில்லை எனில், வால்வு சிக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்து, அடைப்புச் சோதனை. தடித்த கையுறை அணிந்து, பலமுறை மடித்த தடிமனான துணியால் குழாய் முனையை இரண்டு, மூன்று விநாடிகள் மட்டும் மூட வேண்டும். ஒற்றைச் சைலன்சர் காரில் இவ்வாறு மூடினால் உள்ளே அழுத்தம் உயர்ந்து, கசிவு உள்ள இடத்தில் ‘புஸ்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். இரட்டை சைலன்சரில் ஒரு முனையை மட்டும் மூடினால், வாயு மற்றொரு முனை வழியாக எளிதில் வெளியேறிவிடும். ஆகவே கசிவைக் கண்டறிய, இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். இதற்கு இருவர் வெளியே நிற்பது அவசியம். துணி விசையுடன் தள்ளப்படலாம் என்பதால் நேர் பின்னால் நிற்கக்கூடாது.

மாறாக, ஒரு முனையை மட்டும் மூடுவது வேறொரு தகவலைத் தரும். ஒரே குழாய் இரண்டாகப் பிரியும் அமைப்பில், வலது முனையை மூடும்போது இன்ஜின் இயல்பாக ஓடினால் இடது பாதை திறந்திருக்கிறது என்று பொருள். இன்ஜின் திணறினால் இடது பாதையில் அடைப்பு உள்ளது என ஊகிக்கலாம். பிறகு மறுபக்கத்திலும் இதேபோல் செய்து பார்க்க வேண்டும். வால்வு உள்ள கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இறுதியாக, இன்ஜினை நிறுத்தி, குழாய்கள் முழுமையாகக் குளிர்ந்த பின்னர், டார்ச் வெளிச்சத்தில் இணைப்புகளைப் பார்வையிட வேண்டும். கசிவு உள்ள இடத்தைச் சுற்றிக் கரும்புகைப் படிவு கோடுகளாகப் படிந்திருக்கும். ரப்பர் சுத்தியலால் சைலன்சரை மெதுவாகத் தட்டினால், உள்ளே உடைந்த தடுப்பு இருப்பின் ஒலி காட்டிக்கொடுக்கும். இரு சைலன்சர்களையும் மாறிமாறித் தட்டி ஒலியை ஒப்பிடுவது பயன் தரும்.

எவை கோளாறு அல்ல?

இன்ஜினை நிறுத்திய பிறகு அடியிலிருந்து ‘டிக் டிக்’ எனக் கேட்பது, சூடான உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் எழும் இயல்பான ஒலி. அதேபோல், காலையில் குழாய் முனையிலிருந்து நீர் சொட்டுவதும் கோளாறு அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவி வடிவில் உருவாகிறது. குளிர்ந்த குழாயில் அந்த ஆவி நீராக மாறுகிறது. அந்த நீர் வடிவதற்காகப் பல சைலன்சர்களின் அடியில் சிறு துளை ஒன்றைத் தயாரிப்பாளர்களே அமைத்திருப்பார்கள். அதைத் துரு விழுந்த துளை எனக் கருதி அடைத்துவிடக்கூடாது.

இந்த நீர்தான் சைலன்சரின் முதன்மையான எதிரியும் ஆகும். தினமும் ஓரிரு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் சைலன்சர் முழுமையாகச் சூடாவதில்லை. நீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கி, உட்புறத்திலிருந்து உலோகத்தை அரிக்கிறது. இரட்டை அமைப்பில் வாயு இரண்டாகப் பிரிவதால், சைலன்சர்கள் சூடேற மேலும் நேரமாகும். வால்வு காரணமாகக் குறைந்த வாயு செல்லும் பக்கம் விரைவில் துருப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. வாரம் ஒருமுறையேனும் காரைத் தொடர்ச்சியாக அரை மணி நேரம் ஓட்டுவது இதற்கு உதவும். கடற்கரை நகரங்களின் உப்புக்காற்றும், மழைக்காலத்தில் தேங்கிய நீரில் காரைச் செலுத்துவதும் வெளிப்புறத் துருவை விரைவுபடுத்துகின்றன.

கசிவு எங்கே என்பது ஏன் முக்கியம்?

பின்முனைக்கு அருகில் சைலன்சரில் உள்ள துளை பெரும் சத்தம் எழுப்பினாலும், வாயு காருக்குப் பின்னால் கலைந்துவிட ஓரளவு வாய்ப்புண்டு. ஆனால், முன்பகுதியிலோ இருக்கைகளுக்கு அடியிலோ ஏற்படும் கசிவு, சத்தம் குறைவாக இருந்தாலும் அதிக ஆபத்தானது. சத்தத்தின் அளவை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்ஜினுக்கு அருகில் கசிவு இருந்தால், வாயுத் துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் குறையும் கணங்களில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அங்குள்ள ஆக்சிஜன் சென்சார், எரிபொருள் போதவில்லை எனத் தவறாகக் கணிக்கும். உடனே காரின் கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்தும். இதனால் மைலேஜ் குறைவதுடன், டாஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரியலாம். சத்தமும் இந்த விளக்கும் ஒருசேரத் தோன்றினால், பின்புற சைலன்சரை விட்டுவிட்டு முன்பகுதியை முதலில் சோதிப்பதே முறை.

இதைவிடக் கடுமையான ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான வலுவுடன் பிணைந்துகொள்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இந்த வாயுவைப் பெருமளவு கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். ஆனால், கன்வெர்ட்டருக்கு முன்பே கசியும் வாயு இந்தச் சுத்திகரிப்பைப் பெறுவதில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும் முதல் சில நிமிடங்களில் கன்வெர்ட்டரும் முழுத் திறனுடன் இயங்குவதில்லை.

கேரள மாநிலம் வடகரையில் 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வாகனத்தில் இருவர் உயிரிழந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வாகனத்துக்குள் புகுந்ததே காரணம் எனப் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் தெரியவந்தது. அங்கு வாயு கசிந்தது சைலன்சரிலிருந்து அல்ல. எனினும், வாகனத்துக்குள் புகும் நச்சு வாயு, உள்ளே இருப்பவர்களை எச்சரிக்காமலேயே செயல்படும் என்பதை அந்தச் சம்பவம் உணர்த்துகிறது.

ஆகவே, புதிய சத்தத்துடன் காருக்குள் புகை வாடை வீசினாலோ, பயணத்தின்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஏற்பட்டு, காரை விட்டு இறங்கியதும் குறைந்தாலோ, உடனடியாகக் காரை நிறுத்தி, அனைவரும் வெளியேறித் தூய காற்றைச் சுவாசிக்க வேண்டும். அறிகுறிகள் கடுமையாக இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பழுது நீங்கும் வரை அந்தக் காரை ஓட்டக்கூடாது. நிறுத்திய காரில் இன்ஜினையும் ஏசியையும் இயக்கியபடி உறங்குவதை எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். டிக்கிக் கதவைத் திறந்து வைத்தபடி ஓட்டினாலும், பின்புறம் சுழலும் காற்று வாயுவை உள்ளே இழுக்கும்.

பணிமனையில் கேட்க வேண்டியவை

சத்தம் எப்போது, எந்தப் பக்கம், எந்த வேகத்தில் கேட்கிறது என்பதைக் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் கூறுவது அவரது பணியை எளிதாக்கும். காலையில் மட்டும் வரும் சத்தம் எனில், காரை முந்தைய இரவே பணிமனையில் விட்டுவிட்டு, குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்க்கச் சொல்வது நல்லது. சூடான காரைக் கொண்டு சென்றால் சத்தம் மறைந்திருக்கும்.

புகையைக் குழாய்க்குள் செலுத்திக் கசிவைக் கண்டறியும் கருவி உள்ளதா எனக் கேட்கலாம். சைலன்சரை மாற்ற வேண்டும் என்று கூறினால், பழுது உள்ள இடத்தை நேரில் காட்டுமாறு கோரலாம். ரப்பர் பிடிமானம், கிளாம்ப், கேஸ்கெட் ஆகியவை ஒப்பீட்டளவில் விலை குறைந்தவை. சத்தத்தின் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்போது முழு சைலன்சரையும் மாற்றுவது வீண். சிறு விரிசலை வெல்டிங் மூலம் சரிசெய்யலாம். ஆனால் உட்புறம் துருவேறி மெலிந்த தகட்டில் செய்யப்படும் வெல்டிங் நீடிக்காது. ஒரு பக்க சைலன்சரை மட்டும் மாற்றுவதாயின், அது மறுபக்கத்தில் உள்ளதைப் போன்றே அதே மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். இல்லையேல் இருபுறமும் வாயு ஓட்டம் மாறுபட்டு, குறிப்பிட்ட வேகத்தில் காருக்குள் ரீங்கார ஒலி எழலாம்.

சட்டம் சொல்வது என்ன?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 120ஆவது விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் வெளியேறும் வாயுவின் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சாலைப் பாதுகாப்பு, ஒலி மற்றும் காற்று மாசு தொடர்பான தரநிலைகளை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்கீழ், முதல்முறைக் குற்றத்துக்கு 3 மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 3 மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்புக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு. எனவே, பழுதான சைலன்சரை அகற்றிவிட்டு வெற்றுக் குழாயைப் பொருத்துவது மலிவான தீர்வு அல்ல.

மொத்தத்தில், இரட்டை சைலன்சர் காரில் புதிய சத்தம் கேட்டால் செய்ய வேண்டியவை மூன்று. சத்தம் எழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கசிவு காரின் முன்பகுதியிலா, இருக்கைகளுக்கு அடியிலா, பின்முனையிலா என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே பாகத்தை மாற்றும் முடிவை எடுங்கள். முதல் இரண்டு இடங்களில் கசிவு இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், சத்தம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பழுதுநீக்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.